ஸ்வொப்புக்கு எவ்வளவு இடம் விடுவது?

கேள்வி: எனது லப்டொப்பில் 4 ஜீபி ராம், 500 ஜீபி ஹாட் டிஸ்க். உபுண்டு லினக்ஸ் பதியப் போகிறேன். ராமைப்போல் இருமடங்கு ஸ்வொப் வேண்டும் என்கிறார் ஒருவர், தேவையே இல்லை என்கிறார் இன்னொருவர். பேட்டரி பழசு. கரண்ட் போனால் திறந்திருக்கும் வேலையோடு ஹைபர்நேட் செய்ய வேண்டும்.
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஸ்வொப் என்பது ராமில் இருப்பதை எடுத்து வைக்க டிஸ்க்கில் ஒதுக்கும் இடம். உங்களுக்கு அது 6 ஜீபி இருக்கட்டும். இருமடங்குக் கணக்கு, ராம் மிகக் குறைவாக இருந்த காலத்தது. இன்று முதலில் கேட்க வேண்டியது ஹைபர்நேட் (திறந்திருக்கும் வேலையோடு அணைத்து, பிறகு அதே இடத்திலிருந்து தொடர்வது) வேண்டுமா என்பதைத்தான். வேண்டாமென்றால் உங்கள் ராமுக்கு 2 ஜீபி போதும். வேண்டுமென்றால், ராமில் உள்ளதை ஸ்வொப்பில் எழுதிவிட்டே மெஷின் அணையும். ஏற்கெனவே 1 ஜீபி ஸ்வொப்பில் போயிருந்தால் அதற்கும் சேர்த்து இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் அணையாமல் திரைக்கே திரும்பி வந்துவிடும்.

பின்னர் ராமை 8 ஜீபியாக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 11 ஜீபி ஒதுக்கிவிடுங்கள். 500 ஜீபியில் அது பெரிதல்ல. பாட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, பிறகு பெருப்பிப்பதுதான் தொல்லை.

உபுண்டுவை அதன்போக்கில் விட்டால் ஸ்வொப்பைக் கோப்பாகவே வைக்கும். ஹைபர்நேட்டுக்குத் தனிப் பாட்டிஷன்தான் சுலபம். ஆகவே பதியும்போது டிஸ்க்கை நீங்களே பிரித்து, ஒரு பாட்டிஷனை ஸ்வொப் என்று குறியுங்கள். பதிந்தபின் டெர்மினலில் 'சூடோ பிஎல்கேஐடி' கொடுத்து அதன் யூயூஐடியை (பாட்டிஷனின் தனி அடையாளக் குறி) எடுத்து, கிரப் (மெஷின் தொடங்கும்போது உபுண்டுவை ஏற்றும் புரோகிராம்) அமைப்புக் கோப்பில் 'ரெஸ்யூம்=யூயூஐடி=' என்று எழுதி, அதன் பின்னால் இடைவெளி விடாமல் சேர்த்து, 'சூடோ அப்டேட்-கிரப்' ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஹைபர்நேட்' என்று ஒரு தடவை சோதித்துப் பார்க்காமல் முக்கியமான வேலையை நம்பி ஒப்படைக்க வேண்டாம். அளவு சரியாக இருந்தும் மறுத்தால் பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். அது ஓனில் இருந்தால் லினக்ஸின் மையமான கேர்னல் ஹைபர்நேட்டை அனுமதிக்காது.

அதே டிஸ்க்கில் இன்னொரு லினக்ஸ் பதிந்து ஸ்வொப்பை ஃபோர்மட் செய்தால் யூயூஐடி மாறிவிடும். பழையதைத் தேடிக்கொண்டு பூட் ஒன்றரை நிமிடம் நிற்கும். பாட்டிஷன்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டாப் கோப்பிலும் கிரப்பிலும் புதியதை எழுதுங்கள்.

ஸ்வொப் பெரிதானால் மெஷின் வேகமாகும் என்று எண்ண வேண்டாம். பிரவுசரில் நிறைய டாப் திறந்து, மவுஸ் அம்பு அசையாமல், டிஸ்க் லைட் அணையாமல் எரிந்தால் 'வீஎம்ஸ்டாட் 1' போட்டு எஸ்ஐ (ஸ்வொப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வொப்புக்குப் போவது) நிரல்களைப் பாருங்கள். அவற்றில் விடாமல் பெரிய எண்கள் ஓடினால் ராம் போதவில்லை. அதற்கு மருந்து இன்னொரு ராம் துண்டுதான்.