உழைக்கிற உடம்பு யாருடையது?

அன்புள்ள அக்கா,

எனக்குப் பேரணாம்பட்டு. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறாள். இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம். இதற்குமேல் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவளுக்கு இரத்தம் குறைவு என்பதால் நானே குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறேன் என்றேன். அம்மா அழுகிறார். "உழைக்கிற ஆண்பிள்ளைக்கு அது ஆகாது, அவளுக்கே செய்துவிடு" என்கிறார். அவளுக்கென்றால் என் கையெழுத்து வேண்டும் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நீங்களே செய்துகொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் கவலை புரிகிறது. ஆனால் "உழைக்கிற ஆண்பிள்ளை" என்ற பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. விடிந்தது முதல் முறத்தை மடியில் வைத்துக் குனிந்து, இலை வெட்டி, தூள் நிரப்பி, நூல் கட்டி ஆயிரம் பீடி தேற்றுகிற உடம்பு உழைக்காத உடம்பா? ஆபரேஷன் செய்த வயிற்றோடு அந்த முறத்தின் முன் உட்கார்ந்தவர்களைக் குடியாத்தம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். "உழைக்கிற பெண், அவளுக்கு வேண்டாம்" என்று ஒரு வீட்டிலும் யாரும் தடுத்ததில்லை.

பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தோ துளையிட்டோதான் கருக்குழாயைக் கட்ட வேண்டும். ஆணுக்கு இன்று தழும்பில்லாத முறை இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் சிறு துளையிட்டு, விந்தணு வரும் குழாயைத் துண்டித்துக் கட்டுவார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, சைக்கிள் கூடாது. ஆண்மைக்கான ஹார்மோன் நேராக இரத்தத்தில் கலப்பது. அந்தக் குழாய் வழியாக வருவதல்ல. எனவே பலமும் ஆசையும் இருந்தபடியே இருக்கும்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 60 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்கு இந்த அறுவை நடந்தது. பலரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். அது கொடுமை. ஆனால் அதன்பிறகு பாரம் முழுவதையும் பெண்களின் தலையில் இறக்கிவைத்தோமே, அதை என்னவென்று சொல்வது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில், தாங்களே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.1 சதவீதம்.

கையெழுத்து விஷயம். மனைவியின் அறுவைக்குக் கணவன் சம்மதம் தேவையில்லை என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. கருக்கலைப்புக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். அவள் உடம்புக்கு அவள் கையெழுத்து. உங்கள் தெருவில் நான்கு பேருக்கு இதைச் சொல்லுங்கள்.

இது நிரந்தரமானது, பிறகு மாற்றுவது கடினம். ஆகவே ஒருமுறைக்கு இருமுறை இருவரும் பேசிக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே செய்கிறார்கள் என்று சொல்வார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கென்றே சிறப்பு முகாம்களும் உண்டு. முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் கேட்க நினைப்பதை டாக்டரிடமே கேட்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு இல்லை என்ற முடிவு வந்த பின்தான் விட வேண்டும். இதை அலட்சியப்படுத்திவிட்டு, மனைவி கருவுற்றதும் அவளையே சந்தேகித்த வீடுகள் உண்டு.

அன்புடன்,
அக்கா