மலையில் சமைத்து உண்ண ஒரு வீடு: முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் வசிக்கும் நாங்கள், பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர், ஏப்ரல் விடுமுறையில் கொத்மலைப் பள்ளத்தாக்கில் மூன்று நாட்கள் தங்க எண்ணியுள்ளோம். எழுபது வயதான அம்மா சைவ உணவு மட்டுமே உண்பவர்; கடைச் சாப்பாட்டைத் தொடமாட்டார். ஆகவே நாங்களே சமைக்கக்கூடிய முழு வீடு ஒன்றை முகநூலில் தேடிப் பிடித்தோம். நீர்த்தேக்கம் தெரியும் மூன்று அறைகளும் குசினியும் உண்டு என்று விளம்பரம் சொல்கிறது. உரிமையாளரோ முழு வாடகையையும் இப்பொழுதே தமது சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? அம்மாவைக் களைப்பின்றி அழைத்துச் செல்ல அருகில் என்ன இடங்கள் உள்ளன?

பதில்: முழுத் தொகையை அனுப்ப வேண்டாம். முற்பணம் கேட்பது தவறன்று. நிலாவெளியில் கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் நம்மவர்களும் கேட்கிறார்கள், ஏப்ரலில் நுவரெலியாப் பக்கம் வீடு கிடைப்பதே அரிது. ஆனால் கால் பங்கை முற்பணமாகக் கொடுத்து, மீதியைச் சாவி கைக்கு வந்த பின்னர் கொடுப்பதே நியாயமான ஏற்பாடு என்பது என் எண்ணம். அதற்கு உடன்படாதவரிடம் வீடு எடுக்காமல் விடுவதே நல்லது. பணம் அனுப்புமுன், அந்த வீடு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டு, பதிவு இலக்கத்தை 1912 என்ற எண்ணில் அச்சபையிடமே சரிபாருங்கள். கணக்கு உரிமையாளரின் பெயரும் பதிவிலுள்ள பெயரும் வேறாக இருந்தால், ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் சிக்கல் தரக்கூடியது பணத்தைவிட அந்தக் ‘குசினி’ என்ற சொல்தான். சில ஆண்டுகளுக்கு முன் நானும் உறவினர்களும் மலைநாட்டில் எடுத்த ஒரு வீட்டில், குசினி என்று காட்டப்பட்ட இடத்தில் ஒரு மின் கேத்தலும் ஒற்றைத் தட்டு மின்னடுப்பும் மட்டுமே இருந்தன. ஒன்பது பேருக்குச் சோறு வடித்து முடிக்கையில் பிள்ளைகள் பிஸ்கட் தின்று உறங்கிவிட்டார்கள். எனவே அடுப்பில் எத்தனை வாய்கள், காஸ் சிலிண்டர் வாடகைக்குள் அடங்குமா, பெரிய பானை, தேங்காய் துருவி, குளிர்சாதனப் பெட்டி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, படமும் அனுப்பச் சொல்லுங்கள். மலைநாட்டுப் பங்களாக்கள் பலவற்றில் சமையல்காரர் ஒருவர் வீட்டோடு இருப்பார். நாம் பொருட்களை வாங்கிக் கொடுத்தால் அவர் சமைப்பார், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அம்மாவின் காரணமாகக் குசினி முழுவதும் உங்களுக்கே வேண்டும் என்றால், அதை முன்னரே சொல்லிவிடுங்கள். மீனும் இறைச்சியும் சமைத்த பாத்திரங்களைப் பற்றியும் அப்பொழுதே பேசிக்கொள்ளலாம்.

பிரஷர் குக்கரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையில் கொதிப்பதால், கடற்கரையில் பழகிய கணக்கில் அங்கே பருப்பை இறக்கினால் அது வெந்திருக்காது. கொத்மலை அவ்வளவு உயரமன்று. ஆனாலும் வேறுபாடு தெரியும்.

மூன்று அறைகளில் பதினொரு பேர் தங்க உரிமையாளர் சம்மதித்தாரா, மேலதிகமாக வருபவருக்கும் மெத்தைக்கும் எவ்வளவு, சுடுநீர் எல்லாக் குளியலறைகளிலும் வருமா, பயணத்தைக் கைவிட்டால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பவற்றையெல்லாம் வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் பெறுங்கள். மின்னணுச் செய்தி என்பதற்காக மட்டும் ஒன்றைச் செல்லாது என்று தள்ள முடியாது என 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் கூறுகிறது. விளம்பரத்துக்கும் வீட்டுக்கும் பொருத்தமில்லாவிட்டால், பற்றுச்சீட்டையும் படங்களையும் வைத்துக்கொண்டு, சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. முறைப்பாட்டுக்கு முன், அங்கிருக்கும்போதே உரிமையாளருக்கும் செய்தி அனுப்பிவைப்பது உங்கள் பக்கத்தைப் பலப்படுத்தும்.

பாதையைப் பற்றியும் விசாரியுங்கள். 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கியதால், பிரதான வீதியிலிருந்து வீட்டுவரை வான் ஏறுமா, கடைசித் தூரம் நடையா என்பது அம்மாவுக்காகவேனும் தெரிந்திருக்க வேண்டும். மழை தொடர்ந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே புறப்படுங்கள். அந்த நிலையில் முற்பணம் திரும்புமா என்பதையும் மேற்சொன்னவற்றோடு சேர்த்துக் கேளுங்கள்.

இனி இடங்கள். றம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர் உயரமுடையது. அதை வீதியிலிருந்தே பார்க்கலாம், அம்மா படியேற வேண்டியதில்லை. அருகிலேயே மலைமேல் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. நுவரெலியாவைத் தாண்டிச் சீதாஎலியவில் சீதையம்மன் கோயிலும், அதற்கப்பால் 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கலைத் தாவரவியல் பூங்காவும் உள்ளன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் ஏப்ரல் நெரிசலில் விடியவே புறப்பட வேண்டும். ஹோட்டன் சமவெளியை இப்பயணத்தில் விட்டுவிடுங்கள். அங்கு நடை அதிகம், குளிரும் அதிகம். நீங்கள் வீட்டிலிருந்து பார்க்கப்போகும் கொத்மலை நீர்த்தேக்கம் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தில் பழைய கிராமங்களை மூழ்கடித்து உருவானது. அதன் தண்ணீர் கடைசியில் நமது கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

திருகோணமலையிலிருந்து கண்டி வரையே ஏறத்தாழ 180 கிலோமீற்றர் இருப்பதால், மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கால் நீட்டிக்கொள்வது அம்மாவுக்கு நல்லது. அரிசி, பருப்பு, தேங்காய் ஆகியவற்றை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்; அந்த உயரத்துக்குத் தேங்காய் கீழிருந்தே போவதால் விலை கூடுதலாக இருக்கும். கரட், லீக்ஸ், பீட்றூட் போன்றவற்றை இங்கே வாங்க வேண்டாம். அவை வழிநெடுகிலும் தோட்டத்திலிருந்து வந்தபடியே கிடைக்கும்.