மருந்து ஊற்றியும் ரஸ்தாளி வாழை மஞ்சளாகிறது, பக்கக் கன்றை எடுத்து நடலாமா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ரஸ்தாளி வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: மரத்துக்கு ஏழு மாதம், அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, மட்டை ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்குகின்றன, பொட்டாஷ் வைத்தாயிற்று, கடையில் கொடுத்த பூசணக்கொல்லியும் வேரில் ஊற்றியாயிற்று, நிற்கவில்லை. பூசண விஷத்தை முறிக்க மருந்து உண்டா, இல்லையென்றால் பக்கக் கன்றையாவது வேறு கொல்லையில் நடலாமா?

கன்றை மட்டும் எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பொட்டாஷ் குறைந்தாலும் அடி இலை ஓரம் மஞ்சளாகும் என்பதால் முதலில் ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளைச் சதையில் செம்பழுப்பாகப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்து, தண்டின் அடியும் நெடுக்காக வெடித்திருந்தால் அது பனாமா வாடல். சுரங்கம் மாதிரி ஓட்டை இருந்தால் கிழங்கு வண்டு, அது வேறு கதை.

வாடலுக்குக் காரணம் ஃபுசேரியம் என்ற மண் பூசணம். வேர் வழியே நுழைந்து நீர்க்குழாய்களுக்குள் வளரும்போதே ஃபுசாரிக் அமிலம் போன்ற நஞ்சுகளை விடுகிறது. அது செல்லின் சவ்வைக் கெடுக்கும், இரும்பு, செம்பு போன்ற சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நஞ்சு சாறோடு மேலே ஏறிவிடுவதால் பூசணம் இலை வரை போகாமலேயே இலை மஞ்சளாகிறது, கீழே குழாயும் அடைத்துவிடுகிறது. இதை முறிக்க கடையில் மருந்து எதுவும் இல்லை, நீங்கள் ஊற்றியதும் குழாய்க்குள் இருப்பதை ஒன்றும் செய்திருக்காது.

எதிர்ப்பு உள்ள ரகங்களுக்குள்ளும் பூசணம் நுழையத்தான் செய்கிறது. ஆனால் அவை உடனே பிசின் போன்ற பொருளால் அந்தக் குழாயை அடைத்து, செல் சுவரையும் கெட்டியாக்கிப் பூசணத்தை வேரோடு நிறுத்திவிடும். ரஸ்தாளி இதைத் தாமதமாகச் செய்கிறது, அதற்குள் பூசணம் கிழங்குக்கு வந்துவிடும். நூற்புழு கடித்த வேர் என்றால் பூசணம் நுழைவது இன்னும் சுலபம்.

கன்று பார்க்கப் பச்சையாக இருந்தாலும் தாய்க்கிழங்கின் பூசணம் அதிலும் இருக்கலாம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நோய் மரங்களைக் கிழங்கோடு பிடுங்கி அங்கேயே எரியுங்கள். குழிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்பு போடுங்கள். அந்த வரப்புத் தண்ணீர் பக்கத்துக் கொல்லைக்குப் போகக் கூடாது, மண்வெட்டியையும் கழுவுங்கள். இந்தப் பூசண வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும்.

தண்ணீர் வசதி இருந்தால் ஒன்றிரண்டு போகம் நெல் வைத்துவிட்டு வாழைக்கு வாருங்கள். அப்போதும் ரஸ்தாளி, மொந்தன், ஏலக்கி வேண்டாம், பூவன் வையுங்கள். ஜி9 என்ற வாழை ரகத்தின் திசு வளர்ப்புக் கன்றும் நம் பக்கத்து வாடலைப் பெரும்பாலும் தாங்கும், ஆனால் பீகார், உத்தரப் பிரதேசத்தில் வந்திருக்கும் டிஆர்4 என்ற ஃபுசேரியம் வகை அதையும் சாய்க்கிறது, அதனால் அந்தப் பக்கத்துக் கன்று வேண்டாம். நடும்போது ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தைத் தொழுவுரத்தில் கலந்து குழியில் போட்டால் ஓரளவு துணை. முழு நம்பிக்கை வைக்காதீர்கள்.

வெட்டிய கிழங்குத் துண்டை மண் போகக் கழுவி, காகிதத்தில் சுற்றி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிட்டுப் பிடுங்கத் தொடங்குங்கள்.