ஆடு தின்றால் தழை, ஆள் தின்றால் இலையா?

கேள்வி: சென்ற இதழ் சமையல் குறிப்பில் 'கொத்தமல்லித் தழை, புதினாத் தழை தூவி இறக்கவும்' என்று போட்டிருக்கிறீர்கள். தழை என்பது ஆடு மாடுகளுக்குப் போடுவது. மனிதர் சாப்பிடுவதை 'இலை' என்று எழுதுவதுதானே மரியாதை? அதே இதழின் விவசாயப் பக்கத்தில் 'தழைச்சத்து' என்கிறீர்கள். ஊரெல்லாம் நைட்ரஜன் என்று சொல்லும்போது இது என்ன பிடிவாதம்? பத்திரிகை நடத்துகிறவர்களுக்குச் சொல்லில் கவனம் வேண்டாமா?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: கட்டாயம் வேண்டும். கவனத்தோடுதான் தழை என்று போட்டோம்.

உங்கள் ஊர் காந்தி மார்க்கெட்டுக்குப் போய், 'கொத்தமல்லி இலை நாலு கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். இலையை எண்ணலாம். வெற்றிலையை எண்ணித்தான் விற்கிறார்கள், பந்தியில் ஆளை எண்ணித்தான் இலை போடுகிறார்கள். தழையை யாரும் எண்ணுவதில்லை. அது கட்டு, பிடி, கொத்து, சுமை. இலையும் இளந்தண்டும் காம்புமாகச் சேர்ந்திருக்கும் பச்சைதான் தழை. காய்ந்துவிட்டால் அதற்குத் தழை என்ற பெயர் போய்விடும், சருகு என்போம். கொத்தமல்லியை வேரை மட்டும் கிள்ளிவிட்டுத் தண்டோடு சேர்த்துத்தானே நறுக்குகிறோம்? வாசமே அந்தத் தண்டில்தான் பாதி இருக்கிறது. 'கொத்தமல்லி இலை' என்று குறிப்பு எழுதினால், அதை நம்பி யாரோ ஒரு புது மருமகள் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருப்பாள். அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்.

ஆடு தின்பது தழை என்கிறீர்களே, அதுவும் சரிதான். தொரட்டியால் முருங்கைக் கிளையை ஒடித்து ஆட்டுக்குப் போட்டால் முருங்கைத் தழை. அதே கிளையிலிருந்து உருவி அடுப்பில் ஏற்றினால் முருங்கைக் கீரை. பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்கிறவருக்கு முருங்கை இலை. மரம் ஒன்றுதான், யாரிடம் போகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இதில் மரியாதைக் குறைவு எங்கே வந்தது? கொத்தமல்லி தானே ஒரு பதார்த்தமாக வேகாமல் மேலே தூவப்படுவதால் கீரை ஆகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு, அதை மறைக்கவில்லை. மாரியம்மன் கோவிலில் கொத்துக் கொத்தாகக் கட்டுவதையும், பூசாரி கையில் பிடித்து மந்திரிப்பதையும் வேப்பிலை என்றுதான் சொல்கிறோம். என் கணக்குப்படி அது தழைதான். ஆனால் அம்மன் விஷயத்தில் கணக்குப் பார்க்க நான் தயாராக இல்லை.

தமிழில் பச்சைக்குக் கண்டபடி பெயர் வைத்துவிடவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி, வெளியே வயிரம், அதாவது கெட்டித்தன்மை, பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வயிரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல் இனம். பிறகு இரண்டுக்கும் உறுப்புகளைத் தனித்தனியாக அடுக்குகிறது. தோடு, மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு எல்லாம் புல்லின் பக்கம். இலை, முறி, தளிர், குழை, அரும்பு எல்லாம் மரத்தின் பக்கம். இன்றைக்கும் தென்னையிலை என்று யாரும் சொல்வதில்லை, தென்னங்கீற்று, பனையோலை, கரும்புத் தோகை என்றுதான் வாயில் வருகிறது. அந்த அடுக்கில் தழை என்ற சொல் கிடையாது. காரணம் இதுவாக இருக்கும் என்பது என் எண்ணம்: தழை, செடியின் ஓர் உறுப்பைச் சொல்கிற பெயர் அல்ல. ஒடித்து, அறுத்து, ஏதோ ஒரு காரியத்துக்கு எடுத்து வந்த பச்சைக்குத்தான் பெரும்பாலும் அந்தப் பெயர்.

இதை என்னைவிட விவசாயிகள் துல்லியமாகக் கையாளுகிறார்கள். பசுந்தாள் உரம் என்றும் பசுந்தழை உரம் என்றும் இரண்டு இருக்கின்றன. படித்தவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தக்கைப்பூண்டையோ சணப்பையோ கொளுஞ்சியையோ அதே வயலில் விதைத்து, பூக்கிற பருவத்தில் அப்படியே மடக்கி உழுதால் அது பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டு என்றால் ஏக்கருக்கு 20 கிலோ விதை, சுமார் 45 நாளில் உழவு. வேம்பு, புங்கம், எருக்கு, ஆடாதொடை, கிளைரிசிடியா என்று வரப்பிலும் வேலியிலும் புறம்போக்கிலும் வளர்ந்ததை வெட்டிச் சுமந்து வந்து சேற்றில் மிதித்தால் அது பசுந்தழை உரம். முன்னது நின்ற இடத்திலேயே மட்கும், பின்னது வேறு இடத்திலிருந்து வரும். தாள், தழை என்ற ஒரு சொல் மாறினால் கூலிக் கணக்கே மாறிவிடும். உங்கள் யோசனைப்படி இரண்டையும் 'இலை உரம்' ஆக்கிவிட்டால், வயலில் விதைப்பதா, வேலியில் வெட்டுவதா என்று உழவர் எங்களுக்கு போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து உறவினர் இருந்தால் கேளுங்கள், அங்கே இந்த இடத்தில் குழை என்பார்கள். ஆட்டுக்கும் குழை, தோட்டத்தில் உரமாக மண்ணுக்குள் தாழ்ப்பதும் பூவரசங்குழை. மரபியல் அடுக்கில் இருக்கும் அதே குழை. அவர்களையும் திருத்தப் போகிறீர்களா?

சரி, நைட்ரஜனுக்கு வருவோம். இலங்கைப் பாடநூலில் நைதரசன், நம் பாடநூலில் நைட்ரஜன். வேதியியல் பக்கத்தில் நாங்களும் அப்படித்தான் எழுதுவோம். வயலுக்குப் போகும்போது வேலையைச் சொல்கிற பெயர் உதவுகிறது. பச்சையைக் கிளப்புவது தழைச்சத்து. மணி பிடிக்க உதவுவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். அடுப்புச் சாம்பலில் இருப்பது சாம்பல் சத்து. இந்தக் கடைசிப் பெயரை நாட்டுப்புறம் என்று நினைத்துவிடாதீர்கள். பொட்டாஷ் என்ற வெளிநாட்டுப் பெயரே சாம்பலைக் கரைத்துச் சட்டியில் காய்ச்சி எடுத்ததால் வந்ததுதான். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதை ஆசைக்கு அள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பெயரே சொல்லிவிடுகிறது. பயிர் கருகருவென்று தழைக்கும், கதிர் அந்த அளவுக்கு வராது, காற்றடித்தால் சாயும், புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் விருந்துக்கு வந்துவிடும். நைட்ரஜன் என்ற பெயரில் இந்த எச்சரிக்கை இல்லை.

தாழ்ந்த சொல் என்ற உங்கள் குற்றச்சாட்டுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சங்க காலத்துப் பெண்கள் உடுத்தியது தழையுடை. தலைவன் காதலிக்குக் கையுறையாக, அதாவது பரிசாக, கொண்டுவந்து நீட்டியதும் தழைதான். அதை வாங்கலாமா வேண்டாமா என்று தோழி பேசுகிற பேச்சே அகப்பாட்டில் தனித் துறை. புறநானூற்று 248ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார் ஒரு கைம்பெண்ணைப் பேச வைக்கிறார். சின்ன வெள்ளாம்பல், இளமையில் எனக்குத் தழையாக இருந்தது, கணவன் போன பிறகு வேளை தப்பி உண்ணும் புல்லரிசியாகிவிட்டது என்கிறாள் அவள். அந்த இடத்தில் 'இலை' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். உடுத்திய காலமே பாட்டிலிருந்து காணாமல் போய்விடும். குலம் தழைக்க வேண்டும் என்று பெரியவர்கள் வாழ்த்தும்போது உங்களுக்கு ஆடு ஞாபகம் வருமா? தழையத் தழையப் புடவை கட்டியவளையும் குரலைத் தழைத்துப் பேசுகிறவரையும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு எப்படிச் சொல்வீர்கள்?

புதினாவில் மட்டும் உங்களுக்குப் பாதி வெற்றி. முற்றிய தண்டைப் போட்டால் துவையல் நாராகும், அதனால் இலையைத்தான் ஆய்ந்து எடுக்கிறோம். கடையில் வாங்கும்போது புதினாக் கட்டு, ஆய்ந்த பிறகு புதினா இலை. அடுத்த இதழிலிருந்து அதை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆய்ந்து மிச்சமான தண்டைத் தொட்டியில் செருகி வையுங்கள், துளிர்க்கும்.