நாள் தள்ளிப்போனால் கர்ப்பம்தானா?

கேள்வி: எனக்கு 26 வயது. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. குழந்தையை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று இருக்கிறோம். பீரியட்ஸ் ஒரு மாதம் 27 நாளில் வரும், இன்னொரு மாதம் 36 நாள்கூட ஆகும். போன முறை பீரியட்ஸ் தொடங்கிய 11-ஆம் நாள் ஒரே ஒரு தடவை சேர்ந்தோம். 14-ஆம் நாள்தானே ஆபத்து என்று ஆணுறை பயன்படுத்தவில்லை. கணவர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார், நானும் உடனே கழுவிவிட்டேன். அதன் பிறகு சேரவே இல்லை. இன்று 41-ஆம் நாள், இன்னும் வரவில்லை. சேர்ந்த ஒன்பதாம் நாள் வீட்டிலேயே டெஸ்ட் செய்தேன், ஒரு கோடுதான். நேற்றுக் காலையிலும் ஒரு கோடுதான். ஆனால் மார்பு கனக்கிறது, குமட்டலாகவும் இருக்கிறது. டெஸ்டை நம்பலாமா? கணவரிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் சரியாகத் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும். அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் டெஸ்டை மறந்துவிடுங்கள், நேற்று செய்ததை நம்புங்கள். அந்த ஒரு சேர்க்கையால் கரு உண்டாகியிருந்தால் நேற்று இரண்டாவது கோடு விழுந்திருக்கும்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், சினைப்பையிலிருந்து வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுக்கள் அப்படியல்ல. கருப்பை வாயில் வழவழப்பான திரவம் சுரக்கும் நாட்களில் அவை 5 நாள் வரைகூட உள்ளே உயிரோடு காத்திருக்கும். ஆக, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கருத்தரிக்கக்கூடிய காலம். நீங்கள் சேர்ந்தது 11-ஆம் நாள். விந்தணுக்கள் மிக அதிகமாகத் தாக்குப்பிடித்தால் 16-ஆம் நாள் வரை. அதற்குள் கருத்தரித்திருந்தால், அந்தக் கரு கருக்குழாய் வழியே வந்து கருப்பையில் ஒட்டிக்கொள்ளப் பொதுவாக 6 முதல் 10 நாள், தாமதமானால் 12 நாள். ஒட்டிய பிறகுதான் டெஸ்டில் தெரியும் ஹெச்.சி.ஜி. ஹார்மோன் சிறுநீரில் வரத் தொடங்கும். கரு ஒட்டியே இருக்காமல் போகக்கூடிய ஒன்பதாம் நாளில் டெஸ்டை எப்படி நம்புவது? நேற்றைய கணக்கு வேறு. சேர்ந்து 29 நாள் ஆகிவிட்டது. பாதுகாப்பில்லாத சேர்க்கைக்கு 21 நாள் கழித்துச் செய்யும் டெஸ்ட் நம்பகமானது என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு.

அப்படியானால் ஏன் தள்ளிப்போகிறது? இங்கேதான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முட்டை வெளிவந்தபின் பீரியட்ஸ் வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்தப் பின்பாதி பெரிதாக மாறாது. நீள்வதும் குறுகுவதும் முன்பாதிதான். உங்களுக்கு 16-ஆம் நாளுக்குள் முட்டை வந்திருந்தால், ஒன்று எப்போதோ பீரியட்ஸ் வந்திருக்க வேண்டும், இல்லையேல் டெஸ்டில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. எனவே இந்த மாதம் முட்டை வெளிவந்ததே தாமதம், அல்லது இன்னும் வெளிவரவே இல்லை. நீங்கள் பயப்படும் அந்தத் தாமதமே உங்கள் பக்கம் சாட்சி சொல்கிறது!

மார்பு கனப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலை. முட்டை வெளிவந்த பிறகு எல்லா மாதமும் அது கூடும், கர்ப்பத்திலும் கூடும். அதனால் பீரியட்ஸுக்கு முந்தைய அறிகுறிகளும் கர்ப்பத்தின் ஆரம்ப அறிகுறிகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். உடம்பைக் கவனித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. குமட்டல் பயத்தாலும் வரும்.

இனி உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். 14-ஆம் நாள்தான் ஆபத்து என்பது 28 நாள் தவறாமல் வருபவர்களுக்குச் சொன்ன சராசரி. ஜப்பானிய மருத்துவர் க்யூசாகு ஓகினோ 1924-லேயே முட்டை வெளிவரும் நாளை அடுத்த பீரியட்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் சொன்னார். உங்கள் கணக்கைப் பாருங்கள்: 27 நாள் மாதத்தில் முட்டை சுமார் 13-ஆம் நாள் வரும், 11-ஆம் நாள் சேர்வது நல்ல ஆபத்து. 36 நாள் மாதத்தில் அது சுமார் 22-ஆம் நாள், அதே 11-ஆம் நாளில் பயமில்லை. இது எந்த மாதம் என்பது அந்த மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். உங்களைப் போல் முன்பின் வருபவர்களுக்குக் காலண்டர் பாதுகாப்பே அல்ல. இந்த முறை தப்பித்தது அதிர்ஷ்டம்.

கடைசி நேரத்தில் விலகுவதும் அப்படித்தான். இதை மட்டும் நம்பும் 100 ஜோடிகளில் ஒரு வருடத்தில் சுமார் 20 பேர் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையில் அது 13 அளவில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் 2. கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி-யில் ஒன்றுக்கும் குறைவு. கழுவுவதால் பயனில்லை. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் போய்விடும். உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், தொற்றுதான் வரும்.

இப்படிக் கேட்கும் பலர் துண்டு, நீச்சல்குளம், கழிப்பறை இருக்கை பற்றியும் கேட்பார்கள். அவற்றால் யாரும் கர்ப்பமாவதில்லை.

இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் காத்திருந்து கவலைப்படாதீர்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். உண்டான கருவைக் கலைக்காது. முட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் பெரிய பயனும் இல்லை. 5 நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது அதைவிட நம்பகமானது.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு வாரம் பாருங்கள். வரவில்லையென்றால் மன அமைதிக்காக இன்னொரு டெஸ்ட். அதிலும் ஒரே கோடு என்றால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். கர்ப்பத்துக்காக அல்ல, தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (முட்டை வெளிவருவதைத் தடுமாற வைக்கும் ஹார்மோன் கோளாறு) மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. இடையில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம் வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனை.

கணவரிடம் சொல்லவா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: இன்றைக்கே சொல்லுங்கள். இத்தனை நாள் பயத்தையும் நீங்கள் தனியாகச் சுமந்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை ஆணுறை வாங்கி வைப்பது அவர் பொறுப்பு.