‘சீட்டர்’ என்று எழுதலாமா? ஆங்கிலக் கேள்வி-பதில்

பண்ருட்டி முந்திரி வியாபாரி: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கொட்டை. மாதிரியில் நன்றாக இருந்தது, மூட்டையைப் பிரித்தால் பாதி சொத்தை. ‘யூ ஆர் எ சீட்டர்’ என்று ஈமெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?

அனுப்பாதீர்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஏமாற்றுக்காரரை ‘எ சீட்’ என்றுதான் அதிகம் சொல்வார்கள், ‘சீட்டர்’ அமெரிக்கப் பேச்சில் சகஜம். ஆனால் உங்கள் பிரச்சினை அது இல்லை. ஆளைத் திட்டினால் அவர் கோபித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். சரக்கைப் பற்றிச் சொன்னால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ‘தி கூட்ஸ் டூ நாட் மேட்ச் தி சாம்பிள்’ என்று தொடங்குங்கள். பதில் வராவிட்டால் ‘வீ வேர் மிஸ்லெட்’ என்று எழுதலாம். ‘ஃபிராட்’ என்ற சொல்லைக் கடைசிவரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது: பொய் என்று தெரிந்தே ஏமாற்றினால் 17-வது பிரிவின்படி ஃபிராட்; உண்மை என்று நம்பிச் சொன்னது தவறாகப் போனால் 18-வது பிரிவின்படி மிஸ்ரெப்ரசென்டேஷன். எதிராளியின் மனசு தெரியாதபோது ஃபிராட் என்று எழுதினால், அதை நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில்.

கடலூர் ஓ.டி. வாசகர்: சங்கத்துப் பொருளாளர் சந்தாப் பணத்தை ஆட்டையைப் போட்டுவிட்டார். ராபரி என்று சொல்லலாமா?

ராபரி என்றால் அடித்தோ மிரட்டியோ பிடுங்குவது. நம்பி ஒப்படைத்த பணத்தைச் சுருட்டினால் ‘எம்பெசில்’. ஊரைவிட்டே கம்பி நீட்டியிருந்தால் ‘அப்ஸ்காண்டெட்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம் கல்லூரி மாணவி: பாடத்தில் ‘டூப்ளிசிட்டி’ என்று வருகிறது. ‘சீட்டிங்’ என்றே எழுதினால் தப்பா?

தப்பில்லை, ஆனால் விஷயம் மொட்டையாகிவிடும். நீங்கள் படிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கெடிலக் கரையில், புனித டேவிட் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1756-ல் ராபர்ட் கிளைவ் அங்கே துணை ஆளுநர். அடுத்த ஆண்டு வங்காளத்தில், பிளாசிப் போருக்குமுன் நவாபைக் கவிழ்க்க நடந்த சதியில், அமீர்சந்த் என்ற வணிகரும் இருந்தார். பெரும் பங்கு தராவிட்டால் ரகசியத்தை வெளியே விட்டுவிடுவேன் என்றார். கிளைவ் தரப்பு இரண்டு ஒப்பந்தம் தயாரித்தது. வெள்ளைத் தாளில் உண்மையானது, அதில் அமீர்சந்துக்குப் பங்கு இல்லை. சிவப்புத் தாளில் போலி, அதில் கேட்ட பங்கு இருந்தது. போலியில் கையெழுத்துப் போட ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி அட்மிரல் வாட்சன் மறுத்தார். வேறொருவரை வைத்து அவர் கையெழுத்தைப் போட்டார்கள்.

இப்போது சொற்களைப் பாருங்கள். ரகசியத்தைக் காட்டி மிரட்டிய அமீர்சந்த் செய்தது ‘பிளாக்மெயில்’. ஒரே நேரத்தில் இரண்டு தாளை நீட்டியது ‘டூப்ளிசிட்டி’. ‘இரு மடிப்பு’ என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல், நம் இரட்டை வேடம் மாதிரி. வாட்சன் கையெழுத்து ‘ஃபோர்ஜரி’. சிவப்புத் தாளை நம்பிய அமீர்சந்த் ‘வாஸ் டியூப்ட்’. நாலும் நாலு காரியம். பரீட்சையில் இந்தச் சொற்களைப் போட்டு எழுதுங்கள், நீங்கள் படித்தது தாளிலேயே தெரியும்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை: போலி டாக்டரை ‘சார்லட்டன்’ எனலாமா?

எனலாம், ஆனால் உச்சரிப்பு ‘ஷார்லட்டன்’. இத்தாலியில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்ததால் அந்த ‘ஷ’. புதுச்சேரிக்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். தெரியாத வித்தையைத் தெரிந்ததாகக் காட்டும் எவருக்கும் இது பொருந்தும். வைத்தியத்துக்கு மட்டும் என்றால் ‘குவாக்’.

நெல்லிக்குப்பம்: ‘ஹீ இஸ் எ ஃபோர் ட்வென்டி’ லண்டனில் புரியுமா?

புரியாது. அது நம் பழைய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இங்கேயே அந்தக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவுக்குப் போய்விட்டது. ‘கான் மேன்’ என்று சொல்லுங்கள்.

வில்லியனூர் பாட்டி: பேரன் பச்சைப் பொய்யை ‘கிரீன் லை’ என்கிறான். சரிதானா?

சரியில்லை அம்மா. பச்சைப் பொய், வடிகட்டின பொய் இரண்டுக்கும் ‘பேர்ஃபேஸ்டு லை’ பொருந்தும். ‘ஒயிட் லை’ வேறு ரகம். பக்கத்து வீட்டில் சாப்பிடச் சொல்லும்போது, அவர்கள் சோறு குறைந்துவிடுமே என்று “இப்போதான் சாப்பிட்டேன்” என்கிறோமே, அது.