அம்மி மீன்

வணக்கம். பர்கூரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். கிருஷ்ணா ரெட்டி பற்றி நீங்கள் எழுதியதை என் மகள்தான் காட்டினாள். பிளஸ் டூ முடித்துவிட்டு அவரைப் போல அச்சோவியம் படிக்கப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறாள். ஓவியமாவது ஒன்றே ஒன்றுதான். ஒரே உலோகத் தகட்டைச் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி ஐம்பது படம் எடுக்கலாம் என்றால் வெறும் காப்பிதானே? வருமானம் வருமா? அவரே ஏன் வெளிநாட்டில் தங்கிவிட்டார்?

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை விடுங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வீடு கட்டிய நம்மூர்ப் பையனிடம் அதை யாரும் கேட்பதில்லை. வருமானம் உடனே வராது. கடை திறந்த வருடமே நீங்கள் லாபம் பார்த்தீர்களா?

‘வெறும் காப்பி’ என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குக் கோபம். ரெட்டி பிறந்த நந்தனூர், நம் எல்லையைத் தாண்டினால் வரும் சித்தூர்ப் பக்கம். சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸிடம் படித்தார். 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவின் தலைவர். அப்புறம் லண்டனில் ஹென்றி மூரிடம் சிற்பம் கற்று, பாரிஸில் அச்சோவியர் ஹேட்டர் நடத்திய அட்லியே 17 என்ற அச்சுப் பட்டறைக்குப் போனார். சிற்பி கையில் உலோகத் தகடு கிடைத்தால் சும்மா கோடு கிழிப்பாரா? மேடு, சரிவு, பள்ளம் என்று குடைந்தார். எண்ணெய் அதிகம் கலந்து இளக்கிய மையைக் கெட்டி ரோலரால் மேட்டில் உருட்ட வேண்டும். கெட்டியான மையை மெத்து ரோலரால் அழுத்தினால் அது பள்ளத்தில் இறங்கும். மேட்டிலிருக்கும் எண்ணெய் மை அதைச் சேர்க்காது. எண்ணெய் கூடிப்போன கல்லில் தோசை மாவு பரவாமல் கரண்டியோடு சுருண்டு வருமே, அந்தக் கதைதான். இப்படி ஒரே தகடு, ஒரே அழுத்தில் பல நிறம். 1963-இல் செய்த ‘சுழல்’ அச்சைப் பெரிதாக்கிப் பாருங்கள், தகட்டின் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் தகட்டைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து மை உருட்ட வேண்டும். ஜெராக்ஸ் கடைக்காரர் இதைச் செய்வாரா?

பழையபேட்டையில் எங்கள் பாட்டி வீட்டுக்கு அம்மி கொத்த ஓர் அம்மா வருவார். திண்ணையோரம் உட்கார்ந்து சிற்றுளியால் டக் டக் என்று புள்ளி வைப்பார். நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கல்லைத் தடவுவார். வழுக்கும் இடத்தில் மறுபடி உளி விழும். முடித்ததும் ஓரத்தில் ஒரு மீன் கொத்திவிட்டுப் போவார், அதற்குக் கூலி கிடையாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுப்புக்கரியைப் பொடித்து விளக்கெண்ணெயில் குழைத்து, துணிப்பந்தால் அந்த மீன்மேல் ஒற்றி, காலண்டர் தாளை வைத்து உள்ளங்கையால் தேய்த்தேன். கல்லில் இடப்பக்கம் பார்த்த மீன் தாளில் வலப்பக்கம் பார்த்தது. கருப்பில் வெள்ளைப் புள்ளிகளாக அதன் செதில்கள்.

பாட்டி முதுகில் ஒன்று வைத்தாள். தவிடு போட்டு இரண்டு தடவை அரைத்துக் கொட்டியும், அந்த வாரம் முழுக்கச் சட்னியில் விளக்கெண்ணெய் வாடை.

அடி விழுவதற்குள் மூன்று தாள் எடுத்திருந்தேன். முதலாவதில் மை அப்பி மீனே தெரியவில்லை. இரண்டாவதில் வால் விட்டுப்போயிற்று. மூன்றாவதில் மை வற்றி, மீன் தண்ணீருக்கடியில் போவது மாதிரி மங்கலாக வந்தது. பாட்டி அதை மட்டும் கிழிக்கவில்லை. மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இதில் எது அசல், எது காப்பி, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகளைப் பற்றியல்லவா கேட்டீர்கள்? சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நேரில் கூட்டிப் போய்க் காட்டுங்கள். கடையை ஒருநாள் மூடினால் ஒன்றும் ஆகிவிடாது.